கை மாறினாலும் பொறுப்பு மாறாது



இங்கே கூடியிருப்பவர்களில் பலருடைய சட்டைப் பையில் செல்போன் இருக்கும். தாய்மார்களின் சுருக்குப் பையிலும் இருக்கும். வெளியூரில் இருக்கும் மகனின் குரலைக் கேட்பது இதில்தான். பேங்கில் பணம் ஏறினால் செய்தி வருவதும் இதில்தான்.

இந்தச் செல்போனைச் செய்தவர் யார்?

அதன் முதுகில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தக் கம்பெனியே செய்தது என்று நினைக்கத் தோன்றும். பல நேரங்களில் அப்படி இல்லை. பெயர் ஒருவருடையது. தொழிற்சாலை இன்னொருவருடையது. அங்கே வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் மூன்றாமவர். சின்னஞ்சிறு பாகங்களைப் பலகையில் பொருத்துவதும், திருகு முடுக்குவதும், கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைப்பதும் இளைஞர்களும் இளம் பெண்களும். பலருக்கு இருபது, இருபத்தைந்து வயதுதான் இருக்கும்.

இத்தனை கைகள் மாறும்போது அந்தப் பிள்ளைகளின் சம்பளம் என்ன ஆகிறது? அதில் தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான். கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் 2020-ஆம் ஆண்டில் ஒரு சம்பவம் நடந்தது. அதை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடலாம்.

நரசாபுரம்

கோலார் என்றதும் பலருக்குத் தங்கவயல் நினைவுக்கு வரும். நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே பூமிக்கடியில் தங்கம் வெட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பிழைப்புத் தேடி அன்றாடம் பெங்களூருக்கு ரயில் ஏறியவர்கள் ஏராளம்.

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான். அதைக் கொண்டு தக்காளி பயிரிடுகிறார்கள். மாடு வளர்க்கிறார்கள். பட்டுப் பூச்சி வளர்க்கிறார்கள். மழை பொய்த்தால் வீட்டில் கஷ்டம்தான். அப்படிப்பட்ட இடத்தில் மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைத்தால் யாருக்குத்தான் வேண்டாம்?

அந்த மாவட்டத்தில் நரசாபுரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அரசு ஒரு தொழிற்பேட்டை அமைத்தது. விஸ்ட்ரான் என்ற தைவான் நாட்டுக் கம்பெனிக்கு அதில் 43 ஏக்கர் நிலம் கிடைத்தது. அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனிக்கு ஐபோன் செய்து கொடுப்பது அந்தக் கம்பெனியின் வேலை. 2020-ஆம் ஆண்டில் நரசாபுரத்தில் உற்பத்தி தொடங்கியது.

முதலில் 5,000 பேர் வேலை செய்தார்கள். சில மாதங்களுக்குள் ஆள் கணக்கு 10,500 ஆனது. இத்தனை பேரையும் கம்பெனி நேரடியாக எடுக்கவில்லை. நேரடி ஆள்கள் சுமார் 1,300 பேர்தான். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆறு ஒப்பந்த நிறுவனங்கள் அவர்களைச் சேர்த்துவிட்டன. அந்த நிறுவனங்களைத்தான் பேச்சு வழக்கில் காண்டிராக்டர் என்கிறோம்.

வேலை நடப்பது விஸ்ட்ரான் கட்டடத்தில். செய்யும் பொருள் ஆப்பிளுக்கு. சம்பளம் வருவது காண்டிராக்டர் மூலமாக. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்னது ஒன்று, வந்தது ஒன்று

எட்டு மணி நேர ஷிப்டு அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் பன்னிரண்டு மணி நேரமாக மாறியது. பன்னிரண்டு மணி நேரம் வேலை, போக வர பஸ் பயணம் வேறு. வீட்டுக்கு வந்து படுத்தால் மறுநாள் பொழுது விடிந்துவிடும்.

கூடுதல் நேரம் உழைத்தால் கூடுதல் பணம் வர வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல் வந்தது.

இன்ஜினீயரிங் படித்த ஒருவருக்கு மாதம் 21,000 ரூபாய் என்று சொல்லி வேலைக்கு எடுத்தார்கள், கொடுத்தது 16,000, பிறகு அது 12,000 ஆகக் குறைந்தது என்று தொழிலாளர்கள் கூறினார்கள். மற்றவர்களுக்கு இன்னும் குறைவு. சிலர் கணக்கில் ஏறியது சில நூறு ரூபாய் மட்டுமே என்றும் அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது.

இன்னொரு கோளாறும் இருந்தது. வந்தவர், போனவர் கணக்கைப் பதியும் வருகைப் பதிவு முறை சரியாக இயங்கவில்லை. வேலைக்கு வந்த நாள் வராத நாளாகப் பதிவாகும். கூடுதலாக உழைத்த மணிக்கணக்கு காணாமல் போகும். வருகைப் பதிவில் இல்லாத நாளுக்குச் சம்பளம் எப்படி வரும்?

காண்டிராக்டரைக் கேட்டால் கம்பெனி கொடுத்த கணக்கு என்பார். கம்பெனி அதிகாரியைக் கேட்டால் காண்டிராக்டரைப் போய்ப் பார் என்பார். ஒப்பந்த வேலைக்குப் போன எவருக்கும் இந்த அலைச்சல் புதிதல்ல.

டிசம்பர் 12

அன்றைய சட்டப்படி, ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 10-ந் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். 2020 டிசம்பர் 10 கடந்தது. 12-ந் தேதி சனிக்கிழமை அதிகாலை. இரவு ஷிப்டு முடியும் நேரம். சம்பளப் பேச்சு வாய்த் தகராறானது. தகராறு கலவரமானது.

கண்ணாடிகள் உடைந்தன. கேமராக்கள் நொறுங்கின. வண்டிகள் கவிழ்ந்தன. பொருள்கள் களவு போயின. போலீஸ் வந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது பேர் கைதானார்கள்.

நஷ்டம் 437 கோடி ரூபாய் என்று முதலில் போலீசில் புகார் கொடுத்தார்கள். பிறகு அதே கம்பெனி தன் பங்குதாரர்களுக்குச் சொன்ன கணக்கு 26 கோடியிலிருந்து 52 கோடி வரைதான். இரண்டு கணக்குக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

அன்று நடந்த வன்முறையால் தொழிலாளருக்கு என்ன கிடைத்தது? தொழிற்சாலை மூடியது. வேலை நின்றது. வீட்டுக்கு வீடு போலீஸ் பயம் புகுந்தது. கல் எறியாத பிள்ளைகளும் ஊரை விட்டு ஓடி ஒளிந்தார்கள். சம்பளம் கேட்டவர்கள் ஜாமீனுக்கு வக்கீலைத் தேடி அலைந்தார்கள். நியாயம் ஒருவர் பக்கம் இருந்தாலும், கல்லை எடுத்த பிறகு ஊரார் கண்ணுக்குக் கல் மட்டும்தான் தெரியும்.

ஆனால் கல்லோடு கதையை முடித்துவிடக் கூடாது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

விசாரணையில் வெளிவந்தவை

கர்நாடக அரசின் தொழிற்சாலைகள் துறை அதிகாரிகள் விசாரித்தார்கள். பல சட்ட மீறல்களைக் கண்டார்கள். வருகைப் பதிவுக் கோளாறைப் பல வாரங்களாகச் சரிசெய்யவில்லை. மிகை நேரச் சம்பளம் முறையாகக் கொடுக்கப்படவில்லை. அனுமதி இல்லாமல் பெண்களைக் கூடுதல் நேரம் வேலை வாங்கினார்கள். ஆள் கணக்கு இரண்டு மடங்கானபோது, அதைச் சமாளிக்கத் தொழிலாளர் சட்டம் தெரிந்த அதிகாரிகள் போதுமான அளவில் இல்லை.

ஆப்பிள் கம்பெனியும் தன் ஆள்களை அனுப்பிப் பார்த்தது. வேலை நேரத்தைச் சரியாகக் கணக்கிடும் முறை அங்கே இல்லை, அதனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சில தொழிலாளர்களுக்குச் சம்பளம் தாமதமானது என்று அறிவித்தது.

விஸ்ட்ரான் கம்பெனி தவறை ஒப்புக்கொண்டது. சிலருக்குச் சரியான சம்பளம் சரியான நேரத்தில் போகவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டது. இந்தியத் தொழிலைக் கவனித்து வந்த துணைத் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கியது. தொழிலாளர்கள் பெயர் சொல்லாமலே குறைகளைத் தெரிவிக்க 24 மணி நேரத் தொலைபேசி ஏற்பாடு செய்தது. கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளில் அதில் பேசலாம்.

டிசம்பர் 19-ந் தேதி ஆப்பிள் இன்னொரு நடவடிக்கை எடுத்தது. குறைகளைச் சரிசெய்யும்வரை விஸ்ட்ரானுக்குப் புதிய வேலை எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில்தான் தொழிற்சாலை மீண்டும் ஓடத் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டு அந்தத் தொழிற்சாலையை டாடா குழுமம் வாங்கிக்கொண்டது.

ஒன்றைக் கவனியுங்கள். சம்பளப் பணம் காண்டிராக்டர் கை வழியாகப் போனது. ஆனாலும் மன்னிப்புக் கேட்டது தொழிற்சாலை நடத்திய கம்பெனி. தண்டனை போலப் புதிய வேலையை நிறுத்தியது பொருளுக்குப் பெயர் கொடுத்த கம்பெனி. ஏன்?

கல்யாண வீட்டுப் பந்தி

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு ஒருவரிடம் பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. அவர் பத்து ஆள்களைக் கூட்டி வருகிறார். பந்தியில் சோறு பற்றவில்லை. இலை போட்டு உட்கார்ந்தவர்கள் யாரைக் கேட்பார்கள்? சமையல்காரரைத் தேடிக்கொண்டு போவார்களா? வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். பத்திரிகையில் அவர் பெயர்தானே இருக்கிறது!

பந்தி முடிந்தது. சமையலாள்களுக்குக் கூலி வரவில்லை. கூட்டி வந்தவர் காணாமல் போய்விட்டார். அவர்கள் யார் வீட்டு வாசலில் நிற்பார்கள்? அதே வீட்டு வாசலில்தான். நான் பணம் கொடுத்தாயிற்று, எனக்குத் தெரியாது என்று வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் ஊர் ஏற்றுக்கொள்ளாது.

ஊர் நியாயம் சொல்வதைத்தான் சட்டமும் சொல்கிறது. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர் காண்டிராக்டர். அவர் கொடுக்காவிட்டாலோ குறைத்துக் கொடுத்தாலோ, அந்தத் தொழிற்சாலையை நடத்துபவரே கொடுக்க வேண்டும். பிறகு அவர் அந்தப் பணத்தைக் காண்டிராக்டரிடமிருந்து வசூல் செய்துகொள்ளலாம். இதுதான் அந்தச் சட்டம் சொன்ன முறை.

2025 நவம்பர் 21-ந் தேதி முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றிலும் இந்தப் பொறுப்பு அப்படியே இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியது. கடமை மாறவில்லை.

பெயர் கொடுத்த கம்பெனியின் கதை கொஞ்சம் வேறு. அது கடல் தாண்டி இருக்கும். ஆனால் அந்தப் பெயரை நம்பித்தான் மக்கள் பொருளை வாங்குகிறார்கள். தொழிலாளியின் வயிற்றில் அடித்துச் செய்த பொருள் என்று தெரிந்தால் அந்தப் பெயர் கெடும். அதனால் பெரிய கம்பெனிகள் தமக்குப் பொருள் செய்து தருபவர்களுக்கு விதிகள் எழுதி வைத்திருக்கின்றன. மிகை நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஆறு நாள் வேலை செய்தால் எவ்வளவு? 72 மணி நேரம். நீங்களே கூட்டிப் பாருங்கள்.

கம்பெனிகள் மனித உரிமையை மதிக்க வேண்டும், தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2011-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை ஏற்றது. இந்திய அரசும் 2019-ஆம் ஆண்டு பொறுப்பான தொழில் நடத்தைக்கு ஒன்பது நெறிகளை வெளியிட்டது. நேரடி ஆள்கள் மட்டும் போதாது, பொருள் செய்து தரும் மற்ற இடங்களில் உழைப்பவர்களின் நலனையும் கம்பெனி பார்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

விதி எழுதுவது சுலபம். அது நடக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம். நரசாபுரத்தில் விதி இருந்தது. பார்ப்பவர்கள் கலவரத்துக்குப் பிறகுதான் வந்தார்கள்.

விடுதிச் சாப்பாடு

அடுத்த ஆண்டே இன்னொரு சம்பவம் நடந்தது. இது தமிழ்நாட்டில். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் என்ற தைவான் கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது. அங்கேயும் ஆப்பிளுக்கு ஐபோன் செய்கிறார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியவர்கள்.

2021 டிசம்பரில் ஒரு விடுதியில் சாப்பிட்ட பெண்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கூட வேலை செய்தவர்களுக்கு அவர்களைப் பற்றிய செய்தி சரியாகத் தெரியவில்லை. செத்துப் போனார்கள் என்று வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் தோழிகளைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள்.

அங்கேயும் பல கைகள். விடுதி நடத்துபவர் ஒருவர். சாப்பாடு போடுபவர் ஒருவர். ஆள் சேர்ப்பவர் ஒருவர். தொழிற்சாலை ஒருவருடையது. நெருக்கடியான அறைகளில் தரையில் படுத்தார்கள், சில இடங்களில் கழிவறைக்குத் தண்ணீர் இல்லை என்று அப்போது வெளிவந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிப்படி இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. அந்தத் தொழிற்சாலையையும் கண்காணிப்பில் வைத்தது. வேலை நின்று, 2022 ஜனவரி 12-ந் தேதிதான் மீண்டும் தொடங்கியது.

நரசாபுரத்தில் சம்பளம். ஸ்ரீபெரும்புதூரில் சாப்பாடும் தங்குமிடமும். இரண்டு இடத்திலும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தவர்கள், பொறுப்பையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டதாக நினைத்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடலாம். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 நாள் வேலை. 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 600 ரூபாய். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். 600-ஐ 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 ரூபாய்.

மிகை நேரத்துக்கு இரண்டு மடங்கு தர வேண்டும் என்பது சட்டம். 75-இன் இரண்டு மடங்கு 150. எட்டு மணி நேரத்துக்கு மேல் நான்கு மணி நேரம் உழைத்தால் நான்கு தரம் 150, அதாவது 600 ரூபாய். விஷயம் புரிகிறதா? நான்கு மணி நேர ஓவர்டைம் ஒரு முழு நாள் சம்பளத்துக்குச் சமம். மாதத்தில் பத்து நாள் அப்படி உழைத்தால் 6,000 ரூபாய் கூடுதலாக வர வேண்டும்.

ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. சம்மதம் இல்லாமல் மிகை நேரம் வாங்கக் கூடாது. பணம் வருகிறதே என்று உடம்பை அடகு வைக்கவும் கூடாது.

இனி மறுபக்கம் பாருங்கள். வருகைப் பதிவில் மூன்று நாள் விட்டுப்போனால் 1,800 ரூபாய் போகும். ஒருவருக்கு 1,800. ஆயிரம் பேருக்கு 18 லட்சம். அந்த 18 லட்சம் யாரோ ஒருவர் கையில் தங்கிவிடுகிறது. பதிவுக் கோளாறு என்று சொல்லும்போது அது சின்ன விஷயமாகத் தெரியும். கூட்டிப் பார்த்தால்தான் அதன் பெருக்கம் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை

எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் ஒரு பலம் இருக்கிறது. உங்கள் மகனோ மகளோ தொழிற்சாலைக்குப் போனாலும், நீங்களே போனாலும், இவற்றைக் கவனியுங்கள்.

ஒன்று: நியமனக் கடிதம். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைத் தர வேண்டும் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது. அதில் யார் பெயர் இருக்கிறது? கம்பெனி பெயரா, காண்டிராக்டர் பெயரா? சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? வாயால் சொன்ன தொகையும் எழுதிய தொகையும் ஒன்றா? படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு: சம்பளச் சீட்டு. இதைத் தருவதும் வேலை கொடுத்தவரின் கடமை. எத்தனை நாள் வேலை, எத்தனை மணி நேரம் ஓவர்டைம், எவ்வளவு பிடித்தம் என்று பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பிடித்திருந்தால் அந்தப் பணம் கட்டப்பட்டதா என்றும் பாருங்கள். பி.எஃப். கணக்குக்குப் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று உண்டு. அந்த எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

மூன்று: சொந்த நோட்டு. ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். தினமும் ஒரு வரி. கம்பெனியின் இயந்திரம் மறந்தாலும் உங்கள் நோட்டு மறக்காது. பிறகு பேச்சு வரும்போது, இத்தனை நாள் விட்டுப்போயிற்று என்று தேதியோடு காட்டலாம்.

நான்கு: பேங்க் பாஸ்புத்தகம். சம்பளச் சீட்டில் உள்ள தொகையும் கணக்கில் ஏறிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் வர வேண்டும் என்பது இப்போதைய விதி.

குறைந்தால் என்ன செய்வது?

தனி ஆளாகப் போகாதீர்கள். அதே குறை உள்ள நாலு பேர் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். காண்டிராக்டருக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று என்று இரண்டு பிரதி கொடுங்கள். இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் இருந்தால் அதன் மூலம் கேளுங்கள். சங்கம் சேரும் உரிமையை அரசியல் சட்டமே எல்லாக் குடிமக்களுக்கும் கொடுத்திருக்கிறது.

அங்கே பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். குறைந்த சம்பளத்தைக் கேட்டு விண்ணப்பிக்க இப்போது மூன்று ஆண்டு வரை கால அவகாசம் உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கும். நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தும் கேட்கலாம்.

இந்த வழி மெதுவானது. அலைச்சல் உண்டு. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் நிற்க வேண்டி வரும். ஆனால் இந்த வழியில் போனவர் கையில் விலங்கு விழாது.

தொழில் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. தொழிலாளி கல்லை எடுக்கும் முன்பு பல முறை வாயைத் திறந்திருப்பான். அப்போதே காது கொடுத்தால் கண்ணாடி உடையாது. ஐந்து மொழிகளில் குறை கேட்கும் தொலைபேசியை நரசாபுரத்தில் கலவரத்துக்குப் பிறகு வைத்தார்கள். அதையே முதல் நாள் வைத்திருக்கலாம். வருகைப் பதிவுக் கோளாறை முதல் வாரமே சரிசெய்திருக்கலாம். அதற்கு ஆகும் செலவு, கம்பெனியே சொன்ன 26 கோடியில் ஒரு சிறு துளியாக இருந்திருக்கும்.

நண்பர்களே, நம் நாட்டில் செல்போன் தொழிற்சாலைகள் பெருகி வருகின்றன. நல்லதுதான். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். அந்த வேலை கௌரவமாக இருக்க வேண்டும். உழைத்த மணிக்கு உரிய காசு வேண்டும். தின்ற சோறு வயிற்றில் தங்க வேண்டும். படுக்க ஒரு பாய் விரிக்க இடம் வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் வேலைக்குப் போகிறவரின் சம்பளச் சீட்டை வாங்கிப் படியுங்கள். சீட்டே தரவில்லை என்றால், ஏன் தரவில்லை என்று கேட்கச் சொல்லுங்கள். எழுத்துக் கற்றுக்கொண்டதற்கு அதைவிட நல்ல பயன் வேறு என்ன இருக்கிறது?